புதுப் பெட்டரி போட்டும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை: ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்குவதற்கு முன்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவரிடம் இருப்பது பழைய விட்ஸ், ஓட்டோ கியர். சில வாரங்களாகக் காலையில் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. பெட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதியது ஒன்றை வாங்கி, தானே மாட்டினார். அன்று பகல் முழுவதும் ஓடியது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், எஞ்சின் சுற்றவில்லை. உள்விளக்கு எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது. பக்கத்து வீட்டு வேனிலிருந்து வயர் போட்டு ஜம்ப் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. பெட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், சோதித்துப் பார்த்துவிட்டு, ‘பெட்டரியில் குறை இல்லை, உங்கள் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போய்விட்டது’ என்கிறார்கள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: புதுப் பெட்டரியில் கிளாம்ப் கொஞ்சம் தளர்வாக இருந்தது, நன்றாக இறுக்கிவிட்டேன்.

ஸ்டார்ட்டரை மாற்றலாமா என்பது அவர் எழுதிய கேள்வி. குளிர்தான் காரணமா, தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார். அவரைக் குடைகிற கேள்வி வேறு. பெட்டரி நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். வேறு வாகனத்தின் பெட்டரியைச் சேர்த்தால் ஓடுகிறது, அப்படியானால் பெட்டரி கெட்டது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா, அல்லது மாட்டும்போது தானே எதையாவது எரித்துவிட்டேனா?

ஹட்டனில் வாகன மின்வேலை செய்து பிழைக்கிறவன் நான். இந்தக் காரைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே சொல்கிறேன். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தன் சோதனைக் கருவியைப் பெட்டரியின் ஈய முனையிலேயே கடிக்கவைத்துப் பார்த்திருப்பார். நீங்கள் ஜம்ப் வயரை எங்கே கடிக்கவைத்தீர்கள்? பெரும்பாலானவர்கள் செய்வதுபோல, வசதியாகக் கைக்கு எட்டுகிற கிளாம்பின் மேல்தானே? கிளாம்ப் என்பது பெட்டரியின் பகுதி அல்ல, காரின் வயருடைய நுனி. வேனிலிருந்து வந்த மின்சாரம் உங்கள் பெட்டரியின் முனை வழியாகப் போகாமல், நேரே கிளாம்புக்கும் அங்கிருந்து ஸ்டார்ட்டருக்கும் போயிருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றியது. அதாவது ஸ்டார்ட்டருக்கு உயிர் இருக்கிறது. பெட்டரியும் நல்லது. அப்படியானால் குறை இருக்கக்கூடிய இடம் முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி. நீங்களே ‘கொஞ்சம் தளர்வாக இருந்தது’ என்று எழுதியிருக்கும் அதே இடம்.

இதில் எனக்கு இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வேனிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது 14 வோல்ட் வரை கிடைக்கும். தேய்ந்துபோன ஸ்டார்ட்டர்கூட அந்தக் கூடுதல் உந்துதலில் சிலவேளை சுற்றிவிடும். ஆகவே ஜம்ப்பில் ஓடியது என்பது ஸ்டார்ட்டருக்கு முழு நற்சான்றிதழ் அல்ல, முக்கால் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கறுப்பு வயரை எங்கே மாட்டினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. முறைப்படி எஞ்சினின் இரும்பில் கடிக்கவைத்திருந்தால், பெட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஏர்த் வயரையும் சேர்த்தே தாண்டிப் போயிருப்பீர்கள். அப்படியானால் குறை அந்த ஏர்த் வயரிலும் இருக்கலாம்.

முதலில் அந்த ‘டக்’ சத்தத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் நிறைய விஷயம் இருக்கிறது. ‘டிக் டிக் டிக்’ என்று பொரிவதுபோல் அடுக்காக வந்தால், மின்சாரம் தொட்டு விட்டு, தொட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். பெட்டரி இறங்கியிருக்கும், அல்லது எங்கோ இணைப்பு மோசமாக இருக்கும். ஒரே ஒரு கனமான ‘டக்’ வந்தால், ஸ்டார்ட்டரின் தலைமேல் இருக்கும் சொலனாய்ட் என்ற மின்காந்தச் சுவிட்ச் இழுத்துவிட்டது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவியின் கட்டளை ஸ்டார்ட்டர் வரை வந்து சேரவே இல்லை. உங்களுக்கு வருவது எந்த இடத்திலிருந்து வருகிற ‘டக்’ என்று பாருங்கள். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, போனட்டைத் திறந்து காது கொடுங்கள். பியூஸ் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தால் அது ரிலே என்ற சிறு மின்சுவிட்ச். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்திலிருந்து, கை வைத்தால் அதிர்வு தெரிகிற அளவுக்கு வந்தால் அது ஸ்டார்ட்டர்.

ஸ்டார்ட்டரிலிருந்துதான் வருகிறது என்றால் ஒரு பெரிய கூட்டத்தையே சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்துவிடலாம். சாவி சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, ‘பி’, ‘என்’ நிலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் கியர் சுவிட்ச், பிறகு பொருத்திய அலாரம் எல்லாம் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. அதனால்தான் சொலனாய்ட் இழுத்தது. காரின் கம்ப்யூட்டரை எரித்துவிட்டேனா என்ற பயமும் இந்த இடத்தில் தேவையில்லை. கம்ப்யூட்டர் செத்தால் பொதுவாக எஞ்சின் சுற்றும், பிடிக்காது. உங்களுடையது சுற்றவே இல்லை. வயரைத் தலைகீழாக மாட்டியிருந்தால் பெரிய பியூஸ் அந்த நொடியே போயிருக்கும், அன்று பகல் முழுவதும் கார் ஓடியிருக்காது.

இனி அந்தத் தளர்வான கிளாம்புக்கு வருகிறேன். ஜப்பான் கார்களுக்கான பெட்டரிகளில் முனை இரண்டு பருமனில் வரும். மெல்லிய வகையில் பொசிட்டிவ் முனை 14.7 மில்லிமீற்றர், நெகட்டிவ் 13 மில்லிமீற்றர். தடித்த வகையில் பொசிட்டிவ் 19.5, நெகட்டிவ் 17.9. பெட்டியின் அளவு ஒன்றாகவே இருந்தும் முனை மாறிவிடும். பெட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள். 46பி24எல் என்றால் மெல்லிய முனை. 46பி24எல்எஸ் என்று கடைசியில் ‘எஸ்’ சேர்ந்திருந்தால் தடித்த முனை. முதலில் வரும் எண் பெட்டரியின் திறன் தரம், ‘பி’ அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் எழுத்து, 24 என்பது சென்டிமீற்றரில் நீளம். ‘எல்’, ‘ஆர்’ என்பவை பொசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கின்றன; இது மாறினால் வயர் எட்டாது, அல்லது இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டிவரும். கடையில் ‘அதே அளவுதான்’ என்று கொடுத்தபோது அவர் பார்த்தது பெரும்பாலும் பெட்டியின் அளவை. பழையதில் தடித்த முனை இருந்து புதியதில் மெல்லியது வந்திருந்தால், உங்கள் கிளாம்ப் அதன்மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும்.

இறுக்கிவிட்டேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கிளாம்பின் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிவிட்ட பிறகு, போல்ட்டை எவ்வளவு திருகினாலும் அது காதுகளைத்தான் இறுக்குமே தவிர முனையை இறுக்காது. ஸ்பேனர் நின்றுவிடும், கைக்கு இறுக்கமாகவே தெரியும். சோதனை எளிது. காரை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் கிளாம்பை வெறுங்கையால் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். இம்மியளவு நகர்ந்தாலும் அது இறுகவில்லை. பிறகு அதைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, பொசிட்டிவ் கிளாம்பிலும் அப்படியே பாருங்கள். காதுகளுக்கு நடுவில் சிறு இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் மூடியிருந்தால் கிளாம்ப் பெரிது, அல்லது முனை சிறிது. முனையில் பளபளப்பான கீறல் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்தக் கீறல் அளவுக்குத்தான் தொடுகை என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியிருந்தும் விளக்கு எரிகிறதே, ஹோர்ன் அடிக்கிறதே என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விதான் எல்லாரையும் வழி தவறச் செய்வது. உள்விளக்குக்கு அரை அம்பியர் போதும். ஒரு ஹெட்லைட் பல்ப் 5 அம்பியர் அளவு எடுக்கும். இந்த அளவு எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 100 அம்பியருக்கு மேல் கேட்கும். மோசமான இணைப்பில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீட்டரில் அது தெரியக்கூடத் தெரியாது. ஹெட்லைட் எரியும்போது அந்த இடத்தில் கால் வோல்ட்தான் இழக்கப்படும், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. 100 அம்பியருக்குக் கணக்குப் போட்டால் 5 வோல்ட் அங்கேயே போய்விடும். உண்மையில் அவ்வளவு மின்சாரம் மோட்டாரைச் சென்று சேராமலே சுருண்டுவிடும். பீலியிலிருந்து வரும் குழாய்க்குள் சருகு அடைத்திருந்தால் வாய் நனைக்கத் தண்ணீர் வரும், வாளி நிறையாது. அதுதான் இங்கே நடப்பது. ஆகவே ‘லைட் எல்லாம் எரிகிறது, பெட்டரி பக்கம் பிரச்சினை இல்லை’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு மீட்டரை எடுங்கள்.

பெரிய மீட்டர் வேண்டியதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மலிவான டிஜிட்டல் மீட்டரே போதும்; டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முதலில் கார் சும்மா நிற்கும்போது இரண்டு ஈய முனைகளிலும் ஊசிகளை வைத்துப் பாருங்கள். ஓடி நின்ற சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், சில மணி நேரம் ஓய்ந்த பிறகு அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்கு வந்தால் கால்வாசிதான். ஸ்டார்ட் ஆகாத காரை மறுபடி மறுபடி சாவி திருப்பிச் சோதித்ததிலேயே பாதி இறங்கியிருக்கலாம். அப்படியானால் முதலில் மெதுவாக சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்றச் சோதனைகள். 35 அம்பியர் மணி பெட்டரிக்கு 3 அல்லது 3.5 அம்பியரில் ஓர் இரவு.

அடுத்தது முக்கியமான சோதனை. இரண்டு பேர் வேண்டும். கியர் ‘பி’யில் இருக்கட்டும், கைப் பிரேக் போட்டிருக்கட்டும். மீட்டரின் ஒரு ஊசியை பொசிட்டிவ் ஈய முனையின் நடு உச்சியில் வையுங்கள், மற்ற ஊசியை அதே பொசிட்டிவ் கிளாம்பின் உலோகத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பொருட்கள், ஆகவே மீட்டர் பூச்சியம் காட்டும். இப்போது மற்றவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பூச்சியத்தை ஒட்டியே நின்றால் இணைப்பு நல்லது. 0.2, 0.3 என்று ஏறினால் சந்தேகம். 3, 5, 8 என்று தாவினால் திருடன் அங்கேதான் இருக்கிறான், வேறு எங்கும் தேட வேண்டாம். நெகட்டிவ் பக்கமும் இப்படியே.

இரண்டு பக்கமும் நல்லது என்று தெரிந்தால், ஒரு ஊசியை நெகட்டிவ் ஈய முனையிலும் மற்றதை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, சாவி திருப்பும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ஏர்த் வயரில் குறை. நம் பக்கத்துக் கார்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே மாதத்துக்குப் பிறகு மழையில் வயர் காய்வதற்கு நேரமே கிடையாது; கூரை இல்லாமல் நிற்கும் கார்களில் ஏர்த் வயரின் நுனி உள்ளுக்குள்ளேயே பச்சை பிடித்துவிடும். வெளியே கறுப்பு உறை அழகாகத்தான் இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே நொறுநொறுவென்று உடைகிற மாதிரி இருந்தால் அந்த வயர் முடிந்தது. அதைச் சுரண்டி மீட்க முயல்வதைவிடப் புதிதாகப் போடுவதே மலிவு. காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆனதற்கே இதுதான் காரணமாக இருந்திருக்கலாம், பழைய பெட்டரி நிரபராதியாகவும் இருந்திருக்கலாம். இது ஊகம். ஆனாலும் அந்தப் பழைய பெட்டரியை இப்போதைக்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

குளிரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழுவது உண்டு. உறைநிலையில் பெட்டரியின் கொள்ளளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும், எஞ்சின் ஒயிலும் தடித்துவிடும். நோயாளிப் பெட்டரியை அது படுக்கவைத்துவிடும். நல்ல புதுப் பெட்டரியை நம் மலைக் குளிர் ஒன்றும் செய்யாது. ஆகவே ‘குளிர்தான் காரணம்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். குளிர் இருக்கிற குறையைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

சரிசெய்யும் முறைக்கு வருவோம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பொசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு. கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எதுவும் கையில் வேண்டாம். வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால், வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். பெட்டரியின் மூடி வழியாக அது உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு கிளாம்பின் உட்புறத்தையும் முனையையும் அரத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டி இறுக்கி, அதன்பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்; தடவிவிட்டு மாட்டுவதல்ல.

கிளாம்ப் பெரிதாக இருந்தால், மெல்லிய முனையின்மேல் போடுவதற்கென்றே ஈயத்தில் செய்த வளையங்கள் பெட்டரி கடைகளில் கிடைக்கும். பொசிட்டிவுக்கு ஒரு பருமன், நெகட்டிவுக்கு ஒரு பருமன். ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். அல்லது கிளாம்பையே அந்த முனைக்குரியதாக மாற்றுங்கள். இடைவெளியில் ஆணி அடிப்பது, தகரத்தை வெட்டிச் சுற்றுவது, சிகரெட் பெட்டித் தாளைத் திணிப்பது எல்லாம் நம் ஊரில் நடக்கிற வைத்தியங்கள்தான். அன்றைக்கு வீடு வந்து சேர உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈயம் மென்மையானது. ஆணி முனையைப் பிளந்துவிட்டால் பெட்டரிக்குள்ளிருந்து அமிலம் கசியத் தொடங்கும். அப்படிப் பிளந்த பெட்டரிக்கு எந்தக் கடைக்காரரும் உத்தரவாத அட்டையைப் பார்க்கமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது. பெட்டரியைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையையும் மறக்காமல் மாட்டுங்கள். தோட்டத்துப் பாதையில் குலுங்கும்போது ஆடுகிற பெட்டரி, இறுக்கிய கிளாம்பையும் தளர்த்திவிடும். உயரமான பெட்டரியாக இருந்தால் பொசிட்டிவ் முனை போனட்டின் அடியில் தொட்டுத் தீப்பிடிக்கவும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘டக்’ மட்டும் வந்தால்தான் ஸ்டார்ட்டரின் முறை. ஸ்டார்ட்டரில் தடித்த வயர் வந்து சேரும் பெரிய போல்ட்டில் ஒரு ஊசி, எஞ்சின் இரும்பில் ஒரு ஊசி. சாவியைத் திருப்பும்போது அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும் மோட்டார் சுற்றவில்லையென்றால், கடைக்காரர் சொன்னது சரி, குறை ஸ்டார்ட்டருக்குள்ளேதான். அப்போதும் முழு ஸ்டார்ட்டரையும் வாங்க ஓட வேண்டாம். பல ஜப்பான் கார்களில் வரும் டென்சோ வகை ஸ்டார்ட்டர்களில், சொலனாய்டுக்குள் இருக்கும் இரண்டு செப்புத் துண்டுகள் தேய்ந்துபோவது மிகவும் பழகிய நோய். ஒருமுறை ‘டக்’, அடுத்தமுறை ஸ்டார்ட், பிறகு நாலுமுறை ‘டக்’ என்று மனநிலை பார்த்து வேலை செய்வது அதன் குணம். அந்தச் செப்பைத் தனியாக மாற்றலாம், கரி பிரஷ்ஷும் மாற்றலாம். ஸ்டார்ட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. உங்கள் காரில் எந்த வகை பொருத்தியிருக்கிறது என்பதைக் கழற்றிப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

கார் பிடித்தவுடன் செய்ய வேண்டிய இன்னொரு அளவு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 12.5லேயே நின்றால், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதுப் பெட்டரி பகல் முழுவதும் தன் சேமிப்பிலிருந்தே செலவழித்துவிட்டு மறுநாள் காலை காலியாக நின்றிருக்கும். உங்கள் கதைக்கு இதுவும் ஓரளவு பொருந்துகிறது என்பதால்தான் சொல்கிறேன். ஆனால் அப்படியானால் கடைக்காரரின் சோதனையில் பெட்டரி இறங்கியிருப்பது தெரிந்திருக்க வேண்டும், டாஷ்போர்ட்டில் சிவப்புப் பெட்டரி விளக்கும் எரிந்திருக்க வேண்டும். அவை இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை என்பதால் இதை இரண்டாம் வரிசையில் வைக்கிறேன். ஸ்டார்ட் ஆனபின் ஐடிலில், அதாவது அக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஓடும் நிலையில், துடித்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பெட்டரி கழற்றியதில் கம்ப்யூட்டர் தான் பழகிவைத்த ஐடில் அளவை மறந்திருக்கும். மெதுவாக அக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்து, சூடேறியபின் சிறிது நேரம் ஐடிலில் விடுங்கள். அப்படியும் துடிப்பு அடங்கவில்லையென்றால் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் அழுக்கடைந்திருக்கும், அது வேறு வேலை.

இதைப் படிக்கும் அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் காரர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் வாகனத்தில் மேலே சொன்ன ‘டக்’ கதை கிடையாது, ஏனென்றால் அந்த ஸ்டார்ட்டரே கிடையாது. 12 வோல்ட் பெட்டரி பல மாடல்களில் பின்பக்கம் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது அதன் வேலை கம்ப்யூட்டர்களை எழுப்பி ‘ரெடி’ விளக்கை வரவைப்பது மட்டும். பின்பக்கம் மூடிய இடத்தில் இருந்தால் வாயு வெளியேறும் சிறு குழாய் அதற்கு உண்டு, மாற்றும்போது அதைத் திரும்பப் பொருத்தியே ஆக வேண்டும். ஜம்ப் கொடுக்கும்போது வயரைத் தலைகீழாக மாட்டினால், சாதாரணக் காரில் பியூஸோடு போவது இங்கே லட்சக் கணக்கில் போகும். உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களின் பக்கமே கை நீட்ட வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஓட்டோ கியரில் முடியாது. எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் ஒயில் அழுத்தம் வரும், அதுவரை சக்கரமும் எஞ்சினும் ஒன்றையொன்று பிடிக்காது. கை கியர் கார் வைத்திருப்பவர்கள் சரிவில் உருட்டி இரண்டாம் கியரில் விட்டுப் பிடிப்பது நம் பக்கத்தில் பழக்கம். ஆனால் எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சமதளத்தில் அது சிரமம், றதல்ல குறுக்குப் பாதை மாதிரி இறக்கத்தில் அது உயிர் ஆபத்து. சாவியை ‘ஓன்’ நிலையிலிருந்து பின்னால் திருப்பினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும்.

அளந்துவிட்டு எழுதுங்கள். பழைய பெட்டரியிலும் புதியதிலும் அச்சடித்திருக்கும் குறியீடுகள், ஜம்ப் வயரின் நான்கு வாய்களையும் எங்கெங்கே கடிக்கவைத்தீர்கள், சாவி திருப்பும்போது முனைக்கும் கிளாம்புக்கும் இடையில் மீட்டர் காட்டிய எண், நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையில் காட்டிய எண்: இவை போதும். மீட்டர் கிடைக்காமல் கராஜுக்கே கொண்டுபோவதாக இருந்தால், ஸ்டார்ட்டரைக் கழற்றத் தொடங்கும் முன் அந்தப் பெரிய போல்ட்டில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று உங்கள் கண்முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்த பாஸ் கோபித்துக்கொள்ளமாட்டார்.